கயிற்றுக்காரர் தெருவின் தண்ணீர் மட்டம்

ஹார்ன்டைக் நகரத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் செத்துப்போனார், யார் பூனையைத் தொலைத்தார் என்பதெல்லாம் மற்றவர்களுக்குப் புதன்கிழமை தெரியும். அலைடா போஸ்மாவுக்குத் திங்கட்கிழமையே தெரியும். ‘தூதன்’ வாரப் பத்திரிகையின் கடைசி நான்கு பக்கங்கள் அவள் பொறுப்பு. முப்பத்தோரு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். சின்ன விளம்பரங்களை ஃபோனில் கேட்டு எழுதிக்கொள்வாள், பிழை திருத்துவாள், பக்கம் கட்டுவாள். நகரசபை அனுப்பும் அறிவிப்புகளும் அவள் கை வழியாகத்தான் போகும்: எந்த மரத்தை வெட்டப்போகிறார்கள், எந்தத் தெருவை மூடப்போகிறார்கள், யாருக்கு எதற்கு அனுமதி.

முதல் பக்கத்தில் எழுதுகிறவர்கள் வந்தார்கள், போனார்கள், பெரிய ஊர்ப் பத்திரிகைகளுக்கு மாறினார்கள். அலைடாவுக்கு அந்த ஆசை வந்ததில்லை. இரட்டைக் கட்டிலை விற்கிறவர் இரண்டு மாதம் கழித்து ஒற்றைக் கட்டில் தேடினால், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிடும். புரிந்ததை யாரிடமும் சொல்லமாட்டாள். அந்த நம்பிக்கையில்தான் ஊர் அவளிடம் வந்தது.

அவளும் புருஷன் ரின்ஸும் துறைமுகத்துக்குப் பின்னால், கயிற்றுக்காரர் தெருவில், முப்பத்தெட்டாம் எண் வீட்டில் இருந்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் கப்பல் கயிறு திரிப்பவர்களுக்காகக் கட்டிய ஒடுக்கமான செங்கல் வீடுகள், தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. ரின்ஸ் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டியவன். பட்டறையை மூடியபோது அவனுக்கு ஐம்பத்தாறு வயது. கொஞ்ச நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் ஓட்டிய பாரந்தூக்கியைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

பட்டறை இருந்த இடத்தில் இசைமாளிகை வரப்போகிறது என்றார்கள். ஆயிரத்து இருநூறு இருக்கைகள், தண்ணீரைப் பார்த்த கண்ணாடிச் சுவர், கீழே மூன்று தளத்துக்குக் கார் நிறுத்துமிடம். அதைக் கொண்டுவந்தவர் துணைமேயர் யூரியான் ஹோல்கெமா. அவரும் கயிற்றுக்காரர் தெருவில் பிறந்து வளர்ந்தவர்தான். ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அலைடா இசைமாளிகையின் பக்கம் நின்றாள். இருபது வருடமாகத் துறைமுகப் பாடகர் குழுவில் பாடுகிறவள் அவள். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில், ரப்பர் பாய் நாற்றத்துக்கு நடுவில் நின்று பாடிப்பாடி அலுத்திருந்தாள். திறப்பு விழாவில் உங்கள் குழுதான் பாடவேண்டும் என்று யூரியான் சொன்னபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவள் அவள்தான்.

குழி தோண்ட ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழிக்குள் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புகளின் உறுமல் தெருவுக்குப் பழகிப்போய், யார் காதிலும் விழாமல் போயிருந்தது.

அந்த ஜனவரியில்தான் அலைடா முதலில் கவனித்தாள். ‘கதவு இழைத்துத் தரப்படும். ஒட்டிக்கொள்ளும் கதவு, மூடாத ஜன்னல். அன்றே வேலை முடியும்.’ ஒரு தச்சனின் விளம்பரம். அடுத்த வாரம் இன்னொரு தச்சன். அதற்கடுத்த வாரம் மூன்றாவது ஆள். முப்பத்தோரு வருடத்தில் கதவு இழைப்பதற்கென்று தனியாக யாரும் விளம்பரம் கொடுத்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. மூன்று பேரின் ஃபோன் எண்களும் துறைமுகப் பக்கத்தவை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது ரின்ஸ் வாசல் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து இழைத்துக்கொண்டிருந்தான். தரையெல்லாம் மரச்சீவல்.

“மறுபடியுமா?” என்றாள்.

“மூணாவது தடவை. இந்தக் கதவு என்னைவிட வேகமா குண்டாயிட்டிருக்கு.”

“மழைல ஊதியிருக்கும்.”

“எந்த மழை? மூணு வாரமா வெறும் பனிதான் கொட்டுது. கோபா வீட்டுக் கதவையும் நான்தான் இழைச்சேன். ஒரு பக்கம் இடிக்குது, இன்னொரு பக்கம் விரலை விடலாம் போல சந்து. கதவு ஊதினா அப்படி ஆகாது.”

கோபா நாற்பத்து நாலாம் எண்ணில் இருந்தாள். தனியாள். எழுபது வயது தாண்டியவள், நாக்கில் விஷம், கையில் எப்போதும் ஏதாவது தின்பண்டம். வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

அலைடா சமையலறைக்குள் போனாள். அன்றைக்குப் பான்கேக். மாவைச் சட்டியில் ஊற்றியதும் அது பின்பக்கமாக ஓடி அங்கேயே திரண்டு நின்றது. முன்பக்கம் காகிதம் போலக் கருகியது, பின்பக்கம் வேகவில்லை. சட்டியைத் திருப்பி வைத்து இன்னொன்று ஊற்றினாள். அதுவும் பின்பக்கம்தான் ஓடியது.

“ரின்ஸ், ரசமட்டத்தை எடுத்துட்டு வா.”

அவன் கொண்டுவந்து அடுப்பின் மேல் வைத்தான். குமிழி முன்பக்க ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தரையில் வைத்தான். அங்கும் அப்படியே. ஹாலில், மாடிப்படியில், மாடியில் கட்டிலுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொண்டே போனான். எங்கே வைத்தாலும் குமிழி தெருப்பக்கம் ஓடியது.

“வீடு பின்னால உட்காருது,” என்றான் ரின்ஸ். அதைச் சொன்னபோது அவன் குரலில் கேலி இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நகரசபையின் அறிவிப்புகள் வந்தன. வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பொருத்திக்கொண்டு வந்தவள் ஒன்றில் நின்றாள். ‘இசைமாளிகைக் கட்டுமானக் குழியில் நிலத்தடி நீர் இறைப்பதற்கான தற்காலிக அனுமதி மேலும் மூன்று மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது.’ இதை எத்தனை தடவை பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அலமாரியிலிருந்து பழைய இதழ்களின் கட்டுகளை எடுத்துவைத்துப் புரட்டினாள். இது ஒன்பதாவது தடவை. ஒன்பதையும் அவளே கட்டியிருந்தாள். ஒன்பதிலும் பிழை பார்த்திருந்தாள். ஐந்தாவதில் ‘தற்காலிக’ என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததைத் திருத்தியதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

கட்டுகளைப் புரட்டியதில் இன்னொன்றும் தெரிந்தது. முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துறைமுகப் பக்கத்துத் தெருக்களின் நிலத்தடி நீர்மட்டம் ஒரு சின்னக் கட்டத்தில் வரும். யாரும் படிக்காத கட்டம். குழி தோண்ட ஆரம்பித்த வருடம் அது நின்றுபோயிருந்தது. நிறுத்தியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தெருவின் நடைபாதையில், அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, கையகல இரும்பு மூடி ஒன்று உண்டு. அடியில் அளவுக் குழாய். மாதத்துக்கு ஒருநாள் நீர்வளத் துறையிலிருந்து நாஜிம் என்பவர் சைக்கிளில் வந்து மூடியைத் திறந்து, நாடாவை உள்ளே இறக்கி அளந்துவிட்டுப் போவார். பிப்ரவரி மாதம் அவர் வந்த அன்று அலைடா கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“எவ்வளவு ஆழத்துல இருக்கு தண்ணி?”

நாஜிம் நிமிர்ந்து பார்த்தார். “எந்த வீடு நீங்க?”

“முப்பத்தெட்டு.”

“மண்ணுக்குள்ள அடிச்சு இறக்கின மரக்கட்டை மேல நிக்கிற வீடு. இந்தத் தெருவே அப்படித்தான். தலை வரைக்கும் தண்ணிக்குள்ள முங்கியிருந்தா அந்தக் கட்டைக்கு இன்னும் நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது. காத்துப் பட்டுச்சுன்னா பூஞ்சை பிடிச்சிரும். அப்புறம் ரொட்டி மாதிரிதான்.” இங்கும் அங்கும் பார்த்தார். “இந்தத் தெரு ஏற்கெனவே ஒருதடவை காஞ்ச தெரு. சாக்கடைக் குழாய் ஓட்டையாகி வருஷக்கணக்கா தண்ணியை உறிஞ்சியிருக்கு. எங்க அப்பா காலத்துல.”

“எண்ணு என்னன்னு சொல்லுங்களேன்.”

“வெளிய சொல்லக்கூடாதுன்னு உத்தரவு.” நாடாவை இறக்கினார். அதன் நுனியில் கிண்ணம் போன்ற சின்னப் பித்தளைக் குண்டு. அது தண்ணீரைத் தொடும்போது ‘டொப்’ என்று கேட்கும். இறங்கிக்கொண்டே போயிற்று. வெகுநேரம் கழித்துக் கேட்டது. நாஜிம் நோட்டை எடுத்தார். “ஆனா எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எழுதும்போது சத்தமா சொல்லிக்கிட்டேதான் எழுதுவேன். ரெண்டு மீட்டர் பதினாலு. கட்டைத்தலை ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு.”

அறுபத்திரண்டு சென்டிமீட்டர் கட்டை காற்றில் நிற்கிறது. அலைடா தன் கால்களுக்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தாள்.

“எத்தனை நாளா?”

நாஜிம் மூடியைப் போட்டுக் காலால் அழுத்தினார். “வீட்டுக்குப் போங்கம்மா, குளிருது,” என்றார்.

பத்திரிகையின் ஆசிரியர் ஓனோ அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். ஒன்பது அறிவிப்புகளின் நகலையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“தேர்தலுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு, அலைடா.”

“அதனாலதான் இப்பவே போடணும்.”

“அதனாலதான் இப்பப் போட முடியாது. நகரசபை காசு கொடுத்துப் போடுற ரெண்டு பக்கத்தை நிறுத்திட்டா நாம எத்தனை வாரம் ஓடுவோம்னு உங்களுக்குத் தெரியாதா? நாலு வாரம். அப்புறம் இந்த ஊர்ல செத்தவங்க பேரைப் போடக்கூட ஒரு பத்திரிகை இருக்காது. தேர்தல் முடியட்டும். நானே எழுதுறேன்.”

“அதுவரைக்கும் பம்பு ஓடுமே.”

ஓனோ காகிதங்களைச் சேர்த்து அடுக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “இதைப் பத்தி வேற யார்கிட்டயாவது பேசினீங்களா?”

நாஜிமைத் தவிர யாரிடமும் இல்லை என்றாள். அது உண்மைதான். ஆனால் வியாழக்கிழமை பாடல் பயிற்சியின் இடைவேளையில், காப்பியும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் சுற்றி வந்துகொண்டிருந்தபோது யூரியான் ஹோல்கெமா கூடத்துக்குள் வந்தார். எல்லோருக்கும் கை கொடுத்தார். பாட்டு எப்படிப் போகிறது என்று விசாரித்தார். கடைசியாக அலைடாவின் பக்கத்தில், ஜிம்னாஸ்டிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“ரின்ஸ் இடுப்பு எப்படி இருக்கு?”

“அப்படியேதான்.”

“சின்னப் பையனா இருக்கும்போது அவர் பாரந்தூக்கியில என்னை ஏத்தி உட்கார வச்சார். மேலருந்து பார்த்தா ஊர் பூரா தெரிஞ்சுது. மறக்கவே மாட்டேன்.” பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார். “நாஜிம் கிட்ட எதுக்குப் போய்க் கேக்குறீங்க, அலைடா? அவர் அளக்கிற ஆளு. அர்த்தம் சொல்ற ஆளு இல்ல. சந்தேகம் இருந்தா எனக்கு ஒரு ஃபோன் போடுங்களேன். நம்ம தெருக்காரங்கதானே நாம.”

அலைடா காப்பிக் குவளையைப் பெஞ்சில் வைத்தாள். நடைபாதையில் நின்று பேசியபோது தெருவில் யாருமே இல்லை. வீட்டுக்கு வெளியே அதை அவள் சொன்னது ஓனோவிடம் மட்டும்தான்.

“வீடு சாயுது, யூரியான்,” என்றாள்.

“அந்த வீடுங்க எங்க அம்மா காலத்துலேயே சாய்ஞ்சுதான் இருந்துச்சு. பழைய வீடு சாயும், பழைய ஆளு கூனுவான். அதுக்காக யாரையாவது பயமுறுத்துவோமா? கோபா மாதிரி ஆளுங்க வீட்டை வித்துட்டுப் போகணும்னு காத்திருக்காங்க. அவங்களை நினைச்சுப் பாருங்க.” எழுந்தவர் அவள் தோளில் லேசாகக் கை வைத்தார். “திறப்பு விழாவுல முதல் வரிசையில நீங்க நிக்கணும். எனக்கு அது முக்கியம்.”

அன்று அவளால் மேல் சுரத்துக்குப் போக முடியவில்லை.

மார்ச் முதல் வாரம் தெருவுக்குப் புதுக் கல் பதிக்க ஆட்கள் வந்தார்கள். பழைய கற்களைப் பெயர்த்துவிட்டு அழகான சாம்பல் நிறக் கற்களைப் பதித்தார்கள். சைக்கிள் நிறுத்தக் கம்பிகள், இரண்டு பூந்தொட்டிகள். யூரியான் வந்து படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் ‘தூதன்’ முதல் பக்கத்தில் வந்தது. அலைடா வேலை முடிந்து வந்து நடைபாதையைப் பார்த்தாள். நாலு வீடு தள்ளி, இரும்பு மூடி இருந்த இடத்தில் மூடி இல்லை. கல் சமமாக, ஒரு கோடும் தெரியாமல் ஓடியது. அந்த மாதம் அளக்க யாரும் வரவில்லை. நீர்வளத் துறைக்கு ஃபோன் போட்டு நாஜிமைக் கேட்டாள். அவரை ஊரின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றியிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். யார் கேட்பது என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டபோது அலைடா ஃபோனை வைத்துவிட்டாள். அப்படிப் பெயர் சொல்லாமல் வைத்ததை நினைத்து அன்று முழுவதும் தன்மேலேயே அவளுக்குக் கோபம்.

அந்தக் கோபம்தான் அவளை எழுத வைத்தது. திங்கட்கிழமை, சின்ன விளம்பரங்களுக்கான சாதாரணப் படிவத்தை எடுத்து, ஊரில் யாரும் செய்வதுபோல நிரப்பினாள்.

‘கயிற்றுக்காரர் தெரு 38-இல் வசிக்கிறேன். எங்கள் வாசல் கதவை இந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை இழைத்தோம். பிப்ரவரியில் எங்கள் தெருவில் நிலத்தடி நீர் இரண்டு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. வீட்டைத் தாங்கும் மரக்கட்டைகளின் தலை ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டில் இருக்கிறது. உங்கள் கதவு எப்படி இருக்கிறது? தெரியப்படுத்துங்கள். அலைடா போஸ்மா.’ கீழே வீட்டு ஃபோன் எண்.

அனுப்புவதற்கு முன்னால் ரின்ஸுக்கு ஃபோனில் படித்துக் காட்டினாள்.

“வேலை போயிரும்.”

“தெரியும்.”

“கோபா உன்னை உரிச்சுருவா.”

“அதுவும் தெரியும்.”

“சரி. ‘தெரியப்படுத்துங்கள்’ வேணாம். ‘சொல்லுங்கள்’னு போடு. நம்ம தெருவுல யாரும் தெரியப்படுத்த மாட்டாங்க.”

அவள் மாற்றினாள். கடைசிப் பக்கங்களை அச்சுக்குப் போகும்முன் அவளைத் தவிர யாரும் படிப்பதில்லை. புதன்கிழமை அது நாற்பதாயிரம் வீடுகளின் கதவுக்குள் விழுந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. வண்ணான் சந்திலிருந்து ஒருத்தி, குளியலறை ஓடுகள் வரிசையாக வெடிக்கின்றன என்றாள். நங்கூரத் தெருவிலிருந்து ஒரு இளம் தகப்பன், தொட்டில் சக்கரம் தானாக உருள்கிறது, கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம் என்றான். ஒருவர் ஒன்றுமே பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்து வைத்துவிட்டார். ரின்ஸ் பெயர்களையும் தெருக்களையும் ஊர் வரைபடத்தில் குறித்தான். சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு புள்ளிகள். எல்லாம் குழியைச் சுற்றி, அரைவட்டமாக.

ஓனோ அவளைக் கூப்பிட்டபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. “நானே எழுதுறேன்னு சொன்னேனே,” என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார். அவளைத் துரத்தவில்லை, நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிடுங்கள், ஓய்வூதியம் கெடாது என்றார். அலைடா எழுதிக்கொடுத்தாள். ஜன்னலோரத்துச் செடியை எடுத்துக்கொண்டு டிராமில் வீட்டுக்கு வந்தாள்.

வீட்டு வாசலில் கோபா நின்றிருந்தாள்.

“வீட்டை வாங்க வந்தவங்க ஃபோன் பண்ணிட்டாங்க. வேணாமாம்.”

“கோபா, உள்ள வா, உக்காந்து பேசுவோம்.”

“உன் வீட்டுக்குள்ள நான் ஏன் வரணும்? சாயுற வீடாச்சே! முப்பது வருஷமா ஊர்க்காரன் குப்பையையெல்லாம் மோந்து பார்த்தே. கடைசில என் வீட்டையே குப்பையாக்கிட்டே. இன்னும் ரெண்டு வாரம், அலைடா. ரெண்டு வாரம் வாயை மூடிட்டு இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன்.”

“போனப்புறம்? அந்த வீட்டுக்குள்ள வர்றவங்க?”

“அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதே!” என்றாள் கோபா. “என்னை உனக்குத் தெரியும்.”

கோபா திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தாள்.

தேர்தலுக்கு முந்தைய கூட்டத்தில் யாரோ எழுந்து தண்ணீர் மட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். யூரியான் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார்: வல்லுநர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வதந்தியால் உங்கள் வீட்டின் மதிப்பை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் கைதட்டியது. கயிற்றுக்காரர் தெருக்காரர்களும் கைதட்டினார்கள். அவர் முன்னைவிட அதிக வாக்கில் ஜெயித்தார். பாடகர் குழுவில் அலைடாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் நிற்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. மூன்று வாரம் அந்த இடைவெளியில் நின்று பாடிவிட்டு அவள் போவதை நிறுத்திக்கொண்டாள்.

ஏப்ரலில் பத்தாவது அனுமதி வந்தது. அதை வேறு யாரோ பக்கம் கட்டியிருந்தார்கள்.

மே மாதத்தில் தெரு வினோதமாக அமைதியாக இருந்தது. சுவர் விரிசல்களை எல்லோரும் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். மாடி ஜன்னல்களுக்குப் புதுத் திரைகள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறைந்தது. போனால் தரையைப் பார்க்கத் தோன்றும் என்பதால். சுவருக்குள்ளிருந்து எப்போதாவது ஒரு சத்தம் வரும், உலர்ந்த சுள்ளியை யாரோ முழங்காலில் வைத்து உடைப்பதுபோல. அந்தச் சத்தம் கேட்டதும் ரின்ஸும் அலைடாவும் பேச்சை நிறுத்துவார்கள். அடுத்தது வராவிட்டால் பேச்சைத் தொடர்வார்கள்.

ஜூன் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு அடுத்தது வந்தது. சுள்ளி இல்லை, மரமே முறிவதுபோல. அப்புறம் செங்கல் கொட்டும் நீண்ட இரைச்சல். ரின்ஸ் இடுப்பை மறந்து ஓடினான். நாற்பத்து நாலாம் எண்ணின் பின்சுவர் கொல்லைக்குள் சரிந்து கிடந்தது. மாடி அறையின் பூப்போட்ட காகிதச் சுவர் வெட்டவெளியில் தெரிந்தது. தெருப்பக்கம் ஒன்றுமே ஆகவில்லை; பூந்தொட்டியும் புதுக் கல்லும் அழகாக இருந்தன. எரிவாயு நாற்றம் அடித்தது.

உள்ளேயிருந்து கோபா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். “திறக்க மாட்டேங்குது! ரின்ஸ்! திறக்க மாட்டேங்குது!”

நிலைச்சட்டம் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. ரின்ஸ் தோளால் மோதினான், அசையவில்லை. அலைடா சைக்கிள் கம்பியில் சாய்த்திருந்த யாருடைய சைக்கிளையோ தூக்கினாள். அவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதன் முன்சக்கரத்தை ஜன்னல் கண்ணாடிக்குள் இறக்கினாள். இருவருமாகக் கோபாவை ஜன்னல் வழியாக இழுத்து வெளியே போட்டார்கள். மூன்று பேர் கையிலும் ரத்தம். தெருவின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது இரைச்சல் கேட்டது. மாடி கீழே இறங்கியிருந்தது.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. ஒன்பது வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். கோபா போர்வையைச் சுற்றிக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள். அலைடா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கோபா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. “இப்ப சந்தோஷமா?” என்றாள்.

“இல்ல, கோபா.”

“நீ சொன்னது நடந்துருச்சே.”

அலைடா அவள் கையில் குத்தியிருந்த கண்ணாடிச் சில்லை நகத்தால் மெதுவாக எடுத்தாள். கோபா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குள் அதற்குமேல் சமாதானம் நடக்கவில்லை. கோபா மகள் ஊருக்குப் போனாள், வீட்டை விற்காமலே. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. கையெழுத்து மட்டும், வேறு ஒரு வார்த்தை இல்லை. அலைடா அதைத் தூக்கிப்போடவில்லை.

பம்புகளை அந்த வாரமே நிறுத்தினார்கள். விசாரணைக் குழு வைத்தார்கள். கட்டடங்களின் வயதும் பழைய சாக்கடையும் கோடை வறட்சியும் நீர் இறைப்பும் சேர்ந்து காரணம் என்று அறிக்கை வந்தது. எது எவ்வளவு என்று சொல்லவில்லை. யூரியான் மாகாணத் தலைமையிடத்துக்கு, இதைவிடப் பெரிய பதவிக்குப் போய்விட்டார். ‘தூதன்’ அடுத்த குளிர்காலத்தில் நின்றுபோனது. ஓனோ பயந்தபடி யாரும் பழிவாங்கியதால் அல்ல. நகரசபை தன் அறிவிப்புகளை இணையத்துக்கு மாற்றிக்கொண்டது. அதன்பிறகு எந்த அனுமதி எப்போது நீட்டிக்கப்படுகிறது என்று தேடிப் படிப்பவர் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

இசைமாளிகை ஒரு வருடம் தாமதமாகத் திறந்தது. அலைடா போவதாக இல்லை. ரின்ஸ்தான் சீட்டு வாங்கி வந்தான். “நீதானே கேட்ட அந்த மண்டபத்தை. போய்ப் பார்த்துட்டு வருவோம்.” இரண்டாம் மாடியில், ஓரத்தில் உட்கார்ந்தார்கள். துறைமுகக் குழு பாட ஆரம்பித்தது. இருபது வருடம் தன் காதில் விழுந்த அதே குரல்கள்தான். ஆனால் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மெல்லிய குரலில் பாடும் ஒருத்தியின் மூச்சுகூட மேல்வரைக்கும் வந்தது. மோசமாக இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியின் கால்கள் நிற்கும் தரையை, தன்னையறியாமல், உள்ளங்காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இடித்தது போக மிச்சம் எட்டு வீடுகளுக்கு மரத்தடிகளால் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டாம் எண் அந்தப் பட்டியலில் இல்லை. பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு, ஐந்து வருடம் தாங்கும் என்று கடிதம் அனுப்பினார்கள். “என் இடுப்பைப் பத்தி டாக்டர் இவ்வளவு தைரியமா சொன்னதில்ல,” என்றான் ரின்ஸ். கட்டிலைக் கீழே தெருப்பக்கத்து அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஜன்னலின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். விற்க முடியாது, வாங்குவாரில்லை. விட்டுப் போகவும் இடமில்லை.

ரின்ஸும் வண்ணான் சந்துப் பெண்ணும் நங்கூரத் தெருத் தகப்பனும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை நடைபாதைக் கல்லைப் பெயர்த்து அளவுக் குழாயைக் கண்டுபிடித்தார்கள். அனுமதி வாங்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அலைடா நாடாவை இறக்குகிறாள். எண்ணை ஒரு தாளில் எழுதித் தன் வீட்டு ஜன்னலில் ஒட்டுகிறாள். அன்று கைதட்டியவர்களும் இப்போது ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் வந்து நிற்கிறார்கள்.

போன சனிக்கிழமை பதினைந்து பேர் நின்றார்கள். பம்பை நிறுத்தியபின் முதல் மாதங்களில் தண்ணீர் நன்றாக ஏறியது. இரண்டு மீட்டரைத் தாண்டி ஒன்று எண்பதுக்கு வந்தது, ஒன்று எழுபத்தொன்றுக்கு வந்தது. கட்டைத்தலையைத் தொட இன்னும் பத்தொன்பது சென்டிமீட்டர்தான் என்று எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

அலைடா முழந்தாளிட்டு நாடாவை விட்டாள். எழுபத்தொன்றில் சத்தம் வரவில்லை. எண்பதில் வரவில்லை. ஒன்று தொண்ணூற்றாறில் ‘டொப்’ என்றது. தண்ணீர் மறுபடி இருபத்தைந்து சென்டிமீட்டர் கீழே போயிருந்தது.

அவள் மேலே இழுத்து, நாடாவைத் துடைத்து, மறுபடி இறக்கினாள். அதே தொண்ணூற்றாறு.

“மழை பெஞ்சுதே இந்த மாசம்,” என்றாள் வண்ணான் சந்துப் பெண். “நிறையவே பெஞ்சுதே.”

“பெஞ்சுது,” என்றான் ரின்ஸ்.

துறைமுகப் பக்கம் பம்பு எதுவும் ஓடவில்லை. எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஊரின் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு உறுமலும் வரவில்லை. தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அலைடா பேனாவைத் திறந்து எண்ணை எழுதினாள்.